அங்க அடையாளம்

நவம்பரில் பத்தாம் வகுப்புக்குப்
பெயர்ப்பட்டியல் போக வேண்டும்.
ஆளுக்கு இரண்டு மச்சம் கேட்கும் அரசு.
அம்மாபேட்டை பெண்கள் பள்ளியின் எழுத்தர் நான்,
பதினோரு வருடமாகப்
பிள்ளைகளின் உடம்பில் மச்சம் தேடுகிறவள்.
ஒருத்தி பின்னலைத் தூக்கிப் பிடரி காட்டுவாள்.
ஒருத்தி ரேஷன் கடையில் போலக் கை நீட்டுவாள்.
ஒருத்தி சொல்வாள்:
"இருக்குதுங்க மிஸ், ஆனா அதை எழுத முடியாதுங்க."
சிரிப்பு அடங்க ஒரு பீரியட் ஆகும்.

என் சான்றிதழிலும் உண்டு.
சு. மரகதவல்லி.
ஒன்று, இடது முன்கையில் ஒரு மச்சம்.
இரண்டு, வலது முழங்காலில் ஒரு தழும்பு.
தொண்ணூற்றொன்பதாம் வருடத்து மை.

போன தை மாதம்
ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில்
கண்ணாடி மாளிகை ஆஸ்பத்திரியில் ஊசி ஆரம்பித்தார்கள்.
வயிற்றில் பத்து நாள்,
பிறகு விழுங்கும் மாத்திரை, பிறகு உள்ளே வைக்கும் மாத்திரை.
ஃப்ரிட்ஜில் தயிருக்கும் கொத்தமல்லிக்கும் நடுவே
பேனா போல ஒரு மருந்து.
மூன்று சுற்று.
ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு போன்;
"நெகட்டிவ்" என்று சொல்லிச் சொல்லி
மெத்தென்று ஆகிவிட்ட ஒரு குரல்.

பிள்ளை வரவில்லை.
பிள்ளைக்கு முன்னால் வருவதெல்லாம் வந்தது.
சேர்வராயன் மலைமேல் மேகத்தின் நிழல் நகராமல் நின்றதுபோல்
இரண்டு கன்னத்திலும் மங்கு.
தொப்புளுக்குக் கீழே
யாரோ ஸ்கேல் வைத்துப்
பாதியில் விட்டுப்போன கோடு.
முலைக்காம்புகள் கறுத்தன:
ஆள் சேராத பதவிக்குப்
பெயர்ப்பலகை மட்டும் எழுதியாகிவிட்டது.

ஓமலூர் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்,
"எத்தனாவது மாசங்க?"
முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாளாம்.
மாமாங்கம் தாண்டும் வரை நான் வாய் திறக்கவில்லை.
ஜன்னலில் வெள்ளைக்கல் குவியல்கள்,
தோண்டத் தோண்டக் கறுக்காத மண்.

அதற்கப்புறம்தான் கை மச்சம்.
மிளகளவு இருந்தது காபிக்கொட்டை ஆனது.
ஒரு ஓரம் மட்டும்
ஈரக் காகிதத்தில் குத்திய ரப்பர் ஸ்டாம்ப் போலப் பரவியது.
"மச்சம் வளர்ந்தா யோகம்" என்றாள் நாத்தனார்.
"ஊசிச் சூடு. நிறுத்தினா அடங்கிடும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.
நானும் அப்படித்தான் வைத்திருந்தேன் கணக்கு.
அழுகை ஹார்மோன்.
சண்டை ஹார்மோன்.
இளவழகன் ஆசையாக வாங்கி வந்த தட்டுவடை செட்டைப்
பிரிக்காமல் குப்பையில் போட்டதும் ஹார்மோன்.

தோல் டாக்டர் ஹெப்சிபா
விளக்கு வைத்த லென்ஸைக் கையில் அழுத்தினார்.
வெகுநேரம் பேசவில்லை.
"மங்கு அந்த மருந்தோட வேலைதான்.
மாசமா இருக்கறவங்களுக்கு வயிறு விரியும்,
வயித்து மச்சமும் கூட விரியும். சரி.
கை எங்கம்மா விரிஞ்சுது?
இதை ஹார்மோன் கணக்குல எழுதாதீங்க."

வெட்டினார்கள். நான்கு தையல்.
கட்டைவிரல் உயரச் சீசாவில்
என் அங்க அடையாளம் மிதந்தது,
மேலே என் பெயர், எழுத்துப் பிழையோடு.

பதினான்காம் நாள் சொன்னார்:
ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவென்றால்
இது இரண்டாவதில் நின்றிருக்கிறது.
இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்ட வேண்டும்.
நான் தலையாட்டினேன்.
வெளியே வந்து ஒரு இளநீர் குடித்தேன், காசு கொடுக்க மறந்தேன்,
இளநீர்க்காரர் கூப்பிட்டு வாங்கிக்கொண்டார்.

ஊசி இப்போதைக்கு இல்லை.
ஐந்து ரோட்டில், குளிரில்,
என்னுடைய இரண்டு கருக்கள் காத்திருக்கின்றன,
அங்க அடையாளம்
எதுவும் இல்லாமல்.

இன்று வரிசையில் பதினேழாவது தஸ்லீமா.
இடது முன்கையை நீட்டினாள்.
அதே இடம்.
"மிஸ், உங்க கையில என்னங்க தையல்?"
"ஒரு மச்சம்" என்று எழுதினேன்,
அவளுடையதைத்தான்.
எழுதிவிட்டு டிராயரிலிருந்து ஸ்கேல் எடுத்து
வெளிச்சத்தில் அவள் கையைத் திருப்பி அளந்தேன்.
மூன்று மில்லிமீட்டர்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
ரிஜிஸ்டரின் பின்னட்டையில் பென்சிலால்
அவள் பெயர், தேதி, மூன்று.
"எதுக்குங்க மிஸ்?"
அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன்.